எல்லாச் சிப்புகளின் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் படிக்கும் கருவி எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் சின்னதாக ஒரு கருவி எழுதினேன். நிரல் கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அதில் எந்த ஃபங்ஷன் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பட்டியல் போடும், அவ்வளவுதான். என் லேப்டாப்பில் இருந்த எல்லாக் கோப்புகளுக்கும் ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் நண்பர் ஒருவர் பழைய ரவுட்டரிலிருந்து உருவிய ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். கருவி கொஞ்சமும் தயங்காமல் சொன்னது: "இயந்திர எண் 2048, தெரியவில்லை." இயந்திர எண்களின் பட்டியலில் 2048 என்று எதுவுமே இல்லை. கோப்பில் இருந்தது 8, அதாவது மிப்ஸ் என்ற சிப் வகை. 0, 8 என்ற இரண்டு பைட்டுகளை நான் தலைகீழாகக் கூட்டியிருந்தேன்.

அன்று தொடங்கிய திருத்த வேலையில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். ஆப்ஜெக்ட் கோப்பு என்பது கம்பைலர் தரும், இன்னும் இணைக்கப்படாத நிரல் துண்டு. அவற்றை இணைக்கும் லிங்கர், பைட்டுகளைக் கட்டளைகளாகக் காட்டும் டிஸ்அசெம்ப்ளர், டீபக்கர், கோப்பின் அளவைப் பார்க்கும் கருவி என்று எதை எழுதினாலும் முதல் பாதி வேலை ஒன்றுதான். சி அல்லது ரஸ்ட் போன்ற மொழியில் பழக்கம் இருந்தால் போதும். ஹெக்ஸ் எண்களைத் தவிர்த்து எல்லாவற்றையும் சாதாரணப் பத்தடிமான எண்களாகவே தருகிறேன். ஹெக்ஸில் பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

"இது எந்த வடிவம்?" என்பது ஒரு கேள்வி. "இது எந்த இயந்திரத்துக்கு?" என்பது வேறு கேள்வி. எல்ஃப், பிஇ, மாக்-ஓ ஆகியவை வடிவங்கள். எக்ஸ்86-64, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ், மிப்ஸ், பவர்பிசி ஆகியவை இயந்திரங்கள், அதாவது சிப் வகைகள். ஒரே எல்ஃப் எல்லா இயந்திரங்களிலும் இருக்கிறது. ஒரே ஆர்ம்64 மூன்று வடிவங்களிலும் வருகிறது: லினக்ஸில் எல்ஃப், விண்டோஸில் பிஇ, மேக்கில் மாக்-ஓ.

இந்த இரண்டையும் ஒரே நிபந்தனைக்குள் குழைத்துவிட்டால் கருவி விடிவதே இல்லை. 3 வடிவம், 6 இயந்திரம் என்றால் 18 கிளைகள் எழுத வேண்டிவரும். பிரித்து வைத்தால் 9 பகுதிகளில் முடிகிறது. முழுக்கப் பிரிக்க முடியாத ஒரே இடம் ரீலொகேஷன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பழைய காலத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. யூனிக்ஸின் ஏ.அவுட் வடிவம் வளர்ந்தது பிடிபி-11 கணினியில். அதன் முதல் இரண்டு பைட்டுகளில் இருந்த எண், எட்டடிமான (ஆக்டல்) முறையில் 407. அதை அடையாள எண்ணாக யாரும் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை, அது பிடிபி-11-இன் தாவல் கட்டளை. கோப்பை அப்படியே நினைவகத்தில் ஏற்றி முதல் பைட்டிலிருந்து ஓடவிட்டால், 16 பைட் ஹெடரைத் தாண்டி நேராக நிரலுக்குள் குதித்துவிடும். அழகான தந்திரம். ஆனால் அந்த எண்ணுக்கு வேறு இயந்திரத்தில் எந்த அர்த்தமும் இல்லை. அர்த்தம் போன பிறகும் எண் மட்டும் பல வருடங்கள் மற்ற கணினிகளிலும் தொடர்ந்தது. பிறகு காஃப் என்ற வடிவம் வந்தது, யூனிக்ஸ் சிஸ்டம் 5-இன் நான்காம் வெளியீட்டோடு எல்ஃப் வந்தது. லினக்ஸ் 1995 வாக்கில் எல்ஃப்புக்கு மாறியது. எல்ஃப்பை வடிவமைத்தவர்கள் ஆரம்பத்திலேயே அகலம், பைட் வரிசை, இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் ஹெடரில் தனித்தனி இடம் ஒதுக்கினார்கள். இத்தனை வருடமாக அது தாக்குப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

படி 2: முதல் சில பைட்டுகளை வைத்து வடிவத்தைக் கண்டுபிடிப்பது

கோப்பின் பெயரையோ பெயரின் வாலையோ நம்பாதீர்கள். உள்ளே பாருங்கள்.

127, 69, 76, 70 என்று தொடங்கினால் எல்ஃப். 77, 90 என்று தொடங்கினால் பழைய டாஸ் ஹெடர். 60-ஆவது இடத்தில் இருக்கும் 4 பைட் எண்ணை எடுத்து, அது காட்டும் இடத்துக்குப் போங்கள். அங்கே 80, 69, 0, 0 இருந்தால் பிஇ. 207, 250, 237, 254 என்றால் 64 பிட் லிட்டில் எண்டியன் மாக்-ஓ. (எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வந்தால் லிட்டில் எண்டியன், பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வந்தால் பிக் எண்டியன்.)

202, 254, 186, 190 வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இது பல இயந்திரங்களுக்கான நிரல்களை ஒரே கோப்பில் கட்டிவைத்த மாக்-ஓ மூட்டையாக இருக்கலாம், ஜாவா கிளாஸ் கோப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அதே நான்கு பைட்டுகள்தான்! அடுத்த நான்கு பைட்டை பிக் எண்டியனாகப் படியுங்கள். மூட்டை என்றால் அது உள்ளே இருக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை: 2, 3 என்று சின்னதாக இருக்கும். ஜாவா என்றால் அது பதிப்பு எண், 45-க்குக் கீழே வராது. இந்த இடைவெளியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கேட்பதற்கு ஜோசியம் போல இருந்தாலும் நடைமுறையில் இதுதான் வழி.

விண்டோஸின் வெறும் காஃப் ஆப்ஜெக்ட் கோப்பு இன்னும் மோசம். அதற்கு அடையாள எண்ணே இல்லை, நேராக இயந்திர எண்ணோடு தொடங்குகிறது. எக்ஸ்86-64 என்றால் 34404, அதாவது 100, 134 என்ற பைட்டுகள். ஆர்ம்64 என்றால் 43620. ஏதோ ஒரு உரைக் கோப்பும் தற்செயலாக இப்படித் தொடங்கலாம். அதனால் இந்தச் சோதனையைக் கடைசியில் வையுங்கள். செக்‌ஷன் எண்ணிக்கையும் சிம்பல் (ஃபங்ஷன், மாறிகளின் பெயர்) அட்டவணையின் இடமும் கோப்பின் நீளத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்டாட்டிக் லைப்ரரிகளையும் விட்டுவிடக் கூடாது. 33, 60, 97, 114, 99, 104, 62, 10 என்ற எட்டு பைட்டுகளில் தொடங்கும். உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் 60 பைட் தலைப்பு உண்டு. அதில் அளவு எழுத்து வடிவப் பத்தடிமான எண்ணாகவே எழுதப்பட்டிருப்பதால் பைட் வரிசைத் தகராறு இல்லை. ஒற்றைப்படை அளவு வந்தால் அடுத்த கோப்புக்கு முன் ஒரு பைட் நிரப்பி இருக்கும், அதைத் தாண்ட மறப்பவர்கள் நிறையப் பேர்.

படி 3: எல்ஃப் ஹெடரைப் படிப்பது (ஸ்ட்ரக்டை மேலே போர்த்தாமல்)

இதோ ஆர்ம்64-க்காக கம்பைல் செய்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பின் முதல் 20 பைட்டுகள்:

127 69 76 70 2 1 1 0 0 0 0 0 0 0 0 0 1 0 183 0

நண்பர் கொண்டுவந்த ரவுட்டர் கோப்பு இப்படி இருந்தது:

127 69 76 70 1 2 1 0 0 0 0 0 0 0 0 0 0 2 0 8

அடையாளத்துக்கு அடுத்த பைட் அகலம்: 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64. அதற்கடுத்தது பைட் வரிசை: 1 லிட்டில் எண்டியன், 2 பிக் எண்டியன். இந்த இரண்டும் ஒற்றை பைட்டுகள் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் எந்த வரிசையில் படிப்பது என்று தெரியும் முன்பே அவற்றைப் படிக்க முடிகிறது. 16-ஆவது இடத்தில் கோப்பின் வகை: 1 ஆப்ஜெக்ட், 2 நிலையான முகவரியில் ஓடும் நிரல், 3 ஷேர்ட் லைப்ரரி. 18-ஆவது இடத்தில் இயந்திர எண். மேலே முதல் கோப்பில் 183, ஆர்ம்64. இரண்டாவதில் 8, மிப்ஸ்.

நான் செய்த தவறு எல்லோரும் முதலில் செய்வதுதான். கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதன் மேல் ஒரு ஸ்ட்ரக்டைப் போர்த்தி, நேராகப் படித்தேன். என் லேப்டாப்பும் கோப்பும் ஒரே வகையாக இருந்தவரை ஓடியது. இதை விட்டுவிட்டு மூன்று சின்ன ஃபங்ஷன்கள் எழுதுங்கள்: 2 பைட், 4 பைட், 8 பைட் எண்களைப் படிப்பவை. ஒவ்வொன்றும் இடத்தையும் பைட் வரிசையையும் வாங்கிக்கொண்டு, பைட் பைட்டாகக் கூட்டி எண்ணைத் தரட்டும். 'அளவு முகவரி' என்று நான்காவதாக ஒன்று: அகலத்தைப் பொறுத்து 4 அல்லது 8 பைட் படிக்கும். கோப்பைத் தொடும் உரிமை இந்த நான்குக்கு மட்டுமே. வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம், கம்பைலர் பெரும்பாலும் இதை ஓரிரு கட்டளைகளாக மாற்றிவிடும்.

32 பிட்டும் 64 பிட்டும் வெறும் அகலத்தில் மட்டும் வேறுபடுவதாக நினைத்து ஏமாறாதீர்கள். ஹெடர் 52 பைட்டிலிருந்து 64 ஆகிறது, சரி. ஆனால் புரோகிராம் ஹெடரில் அனுமதிப் புலம் இடம் மாறிவிடுகிறது: 32 பிட்டில் அது கடைசிக்கு முந்தையது, 64 பிட்டில் இரண்டாவது. சிம்பல் பதிவிலும் அப்படித்தான். 32 பிட்டில் பெயர், மதிப்பு, அளவு, பிறகு வகை. 64 பிட்டில் பெயர், வகை, பிறகுதான் மதிப்பும் அளவும். 8 பைட் எண்கள் சரியான எல்லையில் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம். இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் எழுதிவிடுவது மனநிம்மதி.

ஒரு பொறி: அகலத்தை இயந்திர எண்ணிலிருந்து ஊகிக்கவே கூடாது. 62 என்றால் எக்ஸ்86-64, எனவே 64 பிட் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்32 என்று ஒரு வகை உண்டு. இயந்திரம் 62, அகலம் 32. ஆளே இல்லாத தெரு மாதிரிதான் என்றாலும் அப்படிக் கோப்புகள் இருக்கின்றன. அகலத்தைச் சொல்வது அகல பைட் மட்டுமே.

இன்னொன்று: வகை எண் 3 என்றால் லைப்ரரி என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய நிரல்களுக்கும் அதே 3தான். ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து அப்படிப்பட்ட நிரல்கள் மட்டுமே ஓடும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் டைனமிக் பகுதியில் இருக்கும் கொடியைப் பார்க்க வேண்டும்.

கொடிப் புலத்தைத் தூக்கி எறியாதீர்கள்

இயந்திர எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கோப்புகள் சேராமல் போகலாம். ஹெடரில் இருக்கும் 4 பைட் கொடிப் புலம்தான் அதைச் சொல்லும். அதன் அர்த்தம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. ரிஸ்க்-ஃபைவில் கடைசி பிட், சுருக்கக் கட்டளைகள் உண்டா என்பது. அடுத்த இரண்டு பிட்டுகள், தசம எண்களை ஃபங்ஷன்களுக்கு எப்படி அனுப்புவது என்ற ஒப்பந்தம். 32 பிட் ஆர்மில் ஒப்பந்தப் பதிப்பு எண்ணே இங்கேதான் இருக்கிறது. பவர்பிசி 64-இல் கடைசி இரண்டு பிட்டுகளைப் பொறுத்து ஒரு ஃபங்ஷன் சிம்பலின் அர்த்தமே மாறும்: பழைய ஒப்பந்தத்தில் சிம்பல் காட்டுவது நிரலை அல்ல, நிரலின் முகவரி எழுதிவைத்த ஒரு குறிப்பை. அதை நேராக டிஸ்அசெம்பிள் செய்தால் குப்பைதான் வரும்.

படி 4: செக்‌ஷனும் செக்மெண்டும்

எல்ஃப் கோப்பை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். லிங்கர் செக்‌ஷன்களைப் பார்க்கிறது, நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் செக்மெண்டுகளை. முன்னது ஒரே வகை உள்ளடக்கத்தின் துண்டு, பின்னது நினைவகத்தில் ஒன்றாக ஏற்றப்படும் பகுதி. ஆப்ஜெக்ட் கோப்பில் செக்மெண்ட் இருக்காது. ஓடும் நிரலில் செக்‌ஷன் அட்டவணையை முழுதாக வெட்டி எடுத்தாலும் அது ஓடும். ரவுட்டர் போன்ற கருவிகளில் இடத்தை மிச்சப்படுத்த அப்படி வெட்டுவது உண்டு. அதனால் "செக்‌ஷன் இல்லை, எனவே கெட்ட கோப்பு" என்று முடிவு கட்டாதீர்கள். சிம்பல்கள் வேண்டுமானால் டைனமிக் செக்மெண்ட் வழியாகப் போய் எடுக்கலாம்.

செக்‌ஷன் எண்ணிக்கை 65280-ஐத் தொட்டால் ஹெடரில் 0 என்றே எழுதியிருக்கும். உண்மையான எண்ணிக்கை முதல் செக்‌ஷன் பதிவின் அளவுப் புலத்தில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனிச் செக்‌ஷன் போட்டுக் கம்பைல் செய்யும் பெரிய சி++ கோப்புகளில் இது நிஜமாகவே வரும்.

படி 5: உள்ளே ஒரு பொது உருவம்

மூன்று வடிவங்களையும் படித்த பிறகு, மீதி நிரல் எல்லாம் ஒரே உருவத்தைப் பார்க்க வேண்டும்: செக்‌ஷன்கள், சிம்பல்கள், ரீலொகேஷன்கள். இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியது சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்த பிஎஃப்டி லைப்ரரி. ஆப்ஜ்டம்ப் என்ற டிஸ்அசெம்ப்ளர், ஜிடிபி என்ற டீபக்கர், க்னூவின் எல்டி லிங்கர் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. பெயருக்கு ஒரு கதை உண்டு. இப்படி ஒன்று எழுதுவது ரொம்பக் கஷ்டம் என்று க்னூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் சொல்ல, எழுத இருந்தவர் "பெரிய விஷயம்தான் போங்க" என்ற பொருளில் ஒரு மூன்றெழுத்து ஆங்கிலக் கிண்டலை வீசினாராம். அதுவே பெயராகிவிட்டது. கௌரவமான விரிவாக்கம் பிற்பாடு வந்தது.

பொது உருவத்தில் ஒரு விலை இருக்கிறது: தகவல் இழப்பு. ஏ.அவுட்டில் இருப்பது நிரல், தரவு, வெற்றுத் தரவு என்று மூன்றே பகுதிகள். காஃப்பிலிருந்து அதற்கு மாற்றினால் மற்றச் செக்‌ஷன் பெயர்களுக்குப் போக இடமில்லை. என் அனுபவத்தில் நல்ல வழி இது: பொது உருவத்தில் பொதுவானதை மட்டும் வையுங்கள், கூடவே ஒவ்வொரு பதிவிலும் மூல எண்ணை அப்படியே வையுங்கள். செக்‌ஷன் வகை 'தெரியாது' என்று வந்தாலும் மூல எண் கையில் இருந்தால் காட்டலாம், திருப்பி எழுதலாம். தெரியாததைப் பூஜ்யமாக்கிவிட்டால் மீட்கவே முடியாது.

முகவரிகளைப் பொது உருவத்தில் எப்போதும் 64 பிட்டில் வையுங்கள், கோப்பு 32 பிட் ஆனாலும் சரி. 32 பிட் ஆர்மில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபங்ஷன் முகவரி ஒற்றைப்படையாக இருந்தால் அது தம்ப் என்ற ஆர்மின் சுருக்கக் கட்டளைத் தொகுதியில் எழுதியது என்று அர்த்தம். கடைசி பிட் முகவரியின் பகுதி அல்ல, அதை எடுத்துத் தனிக் கொடியாக வைக்க வேண்டும்.

படி 6: ரீலொகேஷன், அதாவது காலி இடத்தை நிரப்புவது

மண்டபம் முடிவாகும் முன்பே கல்யாணப் பத்திரிகை அச்சடித்தால் இடத்தைக் காலியாக விடுவோம் இல்லையா, கம்பைலர் செய்வதும் அதுதான். எந்த ஃபங்ஷன் எங்கே உட்காரும் என்று அதற்குத் தெரியாது. காலி இடம் விட்டு, "இங்கே இந்தச் சிம்பலின் முகவரியை இந்த முறையில் நிரப்பு" என்று ஒரு சீட்டு எழுதிவைக்கிறது. அந்தச் சீட்டுதான் ரீலொகேஷன்.

எளிதான ஒன்றிலிருந்து தொடங்கலாம். எக்ஸ்86-64-இல் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை 5 பைட்: முதல் பைட் 232, அடுத்த 4 பைட் தூரம். கட்டளை 1000-இல் இருக்கிறது, காலி இடம் 1001-இல், அழைக்கும் ஃபங்ஷன் 1200-இல் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் கூட்டுத்தொகை (முகவரியோடு சேர்க்க வேண்டிய எண்) −4 என்று இருக்கும். கணக்கு: 1200 − 4 − 1001 = 195. சரிபாருங்கள்: அடுத்த கட்டளை 1005-இல், அதோடு 195 சேர்த்தால் 1200. அந்த −4 எதற்கு என்று இப்போது புரியும். சிப் தூரத்தைக் கட்டளையின் முடிவிலிருந்து அளக்கிறது, நாமோ காலி இடத்தின் தொடக்கத்திலிருந்து அளக்கிறோம்.

இப்போது கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கட்டளை 8192-இல், நமக்கு வேண்டிய தரவு 77000-இல். ஆர்ம்64-ம் ரிஸ்க்-ஃபைவும் இந்த முகவரியை இரண்டு கட்டளைகளில் கட்டுகின்றன: முதலாவது மேல் பகுதி, இரண்டாவது கீழ் 12 பிட்.

ஆர்ம்64 எண்ணுவது 4096 பைட் பக்கங்களில். 77000 இருப்பது 18-ஆம் பக்கத்தில், கட்டளை 2-ஆம் பக்கத்தில். முதல் கட்டளையில் 16 எழுத வேண்டும். கீழ்ப் பகுதி 77000 − 73728 = 3272. இது குறியில்லா எண், அப்படியே எழுதலாம்.

ரிஸ்க்-ஃபைவ் தூரத்தில் எண்ணுகிறது: 77000 − 8192 = 68808. இதை 4096-ஆல் வகுத்தால் 16, மீதி 3272. அப்படியே எழுதினால் போச்சு! இரண்டாவது கட்டளையின் 12 பிட் எண் குறியுள்ளது, 2047-க்கு மேல் அதில் அடங்காது. 3272-ஐத் திணித்தால் சிப் அதை −824 என்று படிக்கும். எனவே மேல் பகுதியை 17 ஆக்க வேண்டும்: 17 × 4096 = 69632, அதிலிருந்து 824 குறைத்தால் 68808. வகுக்கும் முன் 2048-ஐக் கூட்டிவிட்டால் இது தானாக நடக்கும்.

இந்த 2048-ஐ நான் ஒருமுறை மறந்தேன். முகவரி சரியாக 4096 பைட் குறைவாகப் போய் விழுந்தது. கொடுமை என்னவென்றால், மீதி 2048-க்குக் கீழே இருந்தால் எல்லாம் சரியாக வரும். என் சின்னச் சோதனைக் கோப்புகள் அத்தனையும் அப்படித்தான் இருந்தன. அரை நாள் போனது.

ரிஸ்க்-ஃபைவின் அடுத்த விசித்திரம்: இரண்டாவது கட்டளையின் சீட்டு, தரவின் சிம்பலைக் காட்டாது. முதல் கட்டளையின் இடத்தைக் காட்டும். அங்கே போய், அதன் சீட்டை எடுத்து, அதில் கணக்கிட்ட தூரத்தின் கீழ் 12 பிட்டை எழுத வேண்டும். தூரத்தை அளப்பது முதல் கட்டளையிலிருந்துதான், இரண்டாவதிலிருந்து அல்ல. எனவே சீட்டுகளை ஒவ்வொன்றாக, தனித்தனியாக நிரப்பும் வடிவமைப்பு இங்கே உடைந்துவிடும். பழைய மிப்ஸிலும் மேல், கீழ் பகுதிகளை ஜோடி சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கூட்டுத்தொகை எங்கே இருக்கிறது என்பதும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எக்ஸ்86-64, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றில் சீட்டிலேயே எழுதியிருக்கும். பழைய 32 பிட் இன்டலிலும் 32 பிட் ஆர்மிலும் காலி இடத்துக்குள்ளேயே இருக்கும், நிரப்பும் முன் அதைப் படித்து எடுத்துவிட வேண்டும். சீட்டில் சிம்பல் எண்ணும் வகை எண்ணும் ஒரே புலத்தில் கட்டப்பட்டிருக்கும்: 32 பிட்டில் கீழ் 8 பிட் வகை, 64 பிட்டில் கீழ் 32 பிட் வகை. 64 பிட் லிட்டில் எண்டியன் மிப்ஸ் ஒரு விதிவிலக்கு. அங்கே முதல் 4 பைட் சிம்பல், கடைசி பைட் வகை, நடுவில் இன்னும் இரண்டு வகைகள். பொது ஃபங்ஷனில் படித்தால் தலைகால் புரியாத எண்கள் வரும். இதற்கென்று ஒரு தனிக் கிளை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

பைட் வரிசையில் இன்னொரு நுணுக்கம். கோப்பு பிக் எண்டியன் என்பதால் கட்டளைகளும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. ஆர்ம்64-இல் தரவு பிக் எண்டியனாக இருந்தாலும் கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியன். எனவே ரீலொகேஷன் அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் 'இது கட்டளையா, தரவா' என்ற குறிப்பும் தேவை.

என் அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்: வகை எண், சூத்திரம், எத்தனை பிட், எங்கிருந்து, குறியுள்ளதா, எல்லை மீறினால் என்ன செய்வது. ஆர்ம்64-இல் 283-ஆம் வகை ஃபங்ஷன் அழைப்பு: 26 பிட், நான்கால் வகுத்த தூரம், இரு பக்கமும் 128 மெகாபைட் வரை எட்டும். அதைத் தாண்டினால் பிழை சொல்ல வேண்டும், அல்லது லிங்கர் என்றால் நடுவில் ஒரு தாவுபலகை போட வேண்டும். எல்லை பார்க்காமல் பிட்டுகளை வெட்டி எழுதுவதுதான் இந்தத் துறையிலேயே மோசமான பிழை. எதுவும் சத்தம் போடாது, நிரல் மட்டும் எங்கோ போய் விழும்.

பிஇ, மாக்-ஓ: சுருக்கமாக

பிஇ எப்போதும் லிட்டில் எண்டியன், அதனால் பாதித் தொல்லை இல்லை. 20 பைட் காஃப் ஹெடர், அப்புறம் 'விருப்ப ஹெடர்' என்று பெயரிட்ட ஆனால் நிரல்களுக்குக் கட்டாயமான ஒன்று. அதன் முதல் எண் 267 என்றால் 32 பிட், 523 என்றால் 64. பெயர் எட்டு பைட்டுக்கு மேல் போனால் தனி எழுத்து அட்டவணையில் தேட வேண்டும்.

மாக்-ஓ செக்‌ஷன் பட்டியலுக்குப் பதிலாகக் கட்டளைப் பட்டியலாக இருக்கிறது. ஒவ்வொன்றும் வகை, நீளம் என்று தொடங்கும். தெரியாத கட்டளையை நீளத்தை வைத்துத் தாண்டிவிடலாம், இது எனக்குப் பிடித்த அம்சம். மூட்டைக் கோப்பின் வெளி ஹெடர் எப்போதும் பிக் எண்டியன், உள்ளே இருக்கும் நிரல்கள் லிட்டில் எண்டியனாக இருந்தாலும். ஆப்பிள் பவர்பிசியிலிருந்து இன்டலுக்கு 2006-இலும், பிறகு தன் சொந்த ஆர்ம் சிப்புகளுக்கு 2020-இலும் மாறியபோது பயனர்களுக்குப் பெரிதாக வலிக்காமல் இருந்ததற்கு இந்த மூட்டையும் ஒரு காரணம். ஆர்ம்64 மாக்-ஓவில் கூட்டுத்தொகை தேவைப்பட்டால் அது தனிச் சீட்டாக, உண்மையான சீட்டுக்கு முன்னால் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் ஒன்றாக எண்ண வேண்டும்.

படி 7: கோப்பை நம்பாதீர்கள்

கோப்பு சொல்லும் ஒவ்வொரு இடமும் அளவும் பொய்யாக இருக்கலாம். 'இடம் + அளவு கோப்பின் நீளத்தைத் தாண்டுகிறதா' என்று கேட்டால், 64 பிட்டில் கூட்டல் சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிடும், சோதனை ஏமாறும். மாற்றி எழுதுங்கள்: முதலில் இடம் நீளத்துக்குள் இருக்கிறதா, பிறகு அளவு, 'நீளம் கழித்தல் இடம்' என்பதைவிடப் பெரியதா. எழுத்து அட்டவணையின் கடைசியில் பூஜ்யம் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள்.

படி 8: சோதனை

இதற்கு ஆறு கணினி வாங்க வேண்டியதில்லை. கிளாங் கம்பைலர் பிறவியிலேயே பல இயந்திரங்களுக்கானது. ஐந்து வரி சி நிரல் ஒன்றை எழுதி, டார்கெட் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஆப்ஜெக்ட் கோப்புகளாகக் கம்பைல் செய்யுங்கள். ஆப்ஜெக்ட் கோப்பு வரைக்கும் போவதற்கு அந்த இயந்திரத்தின் லைப்ரரி எதுவும் வேண்டாம். நிரலில் வெளி ஃபங்ஷன் அழைப்பு ஒன்று, குளோபல் மாறி ஒன்று, பெரிய அரே ஒன்று இருக்கட்டும். அரே எதற்கென்றால், அந்த 2048 சமாச்சாரம். உங்கள் கருவியின் விடையை, எல்ஃப் கோப்புகளைப் படித்துக் காட்டும் ரீட்எல்ஃப் கருவி தரும் விடையோடு ஒப்பிடுங்கள். வேண்டுமென்றே கெட்ட கோப்பு செய்ய எல்எல்விஎம்மின் யாமல்2ஆப்ஜ் உதவும்.

கருவி படிக்கும் கோப்புகளை மட்டுமல்ல, கருவியையே பிக் எண்டியன் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390எக்ஸ் இதற்குப் பொருத்தம். வேற்றுச் சிப்பைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருள் இருந்தால் லேப்டாப்பிலேயே ஓடும். லினக்ஸின் பின்ஃபம்ட்-மிஸ்க் வசதியில் "இந்த பைட்டுகளோடு தொடங்கும் கோப்பை இந்த நிரலிடம் கொடு" என்று பதிந்துவிட்டால், வேற்று இயந்திர நிரலை நேராகப் பெயர் சொல்லி இயக்கலாம். அங்கேயும் கெர்னல் பார்ப்பது நாம் படி 3-இல் பார்த்த அதே பைட்டுகளைத்தான்.

சோதனைக் கோப்புகளில் லூங்ஆர்ச் ஒன்றையும் சேருங்கள். சீனாவின் லூங்சன் சிப்புகளுக்கானது, இயந்திர எண் 258. இந்த எண் ஒற்றை பைட்டில் அடங்காது. 18-ஆவது இடத்தில் 2, 19-இல் 1. இயந்திர எண்ணுக்கு ஒரே ஒரு பைட்டை மட்டும் படிக்கும் கருவிகள் இன்னும் உலாவுகின்றன. அவை இதைப் பார்த்ததும் 2 என்று எடுத்துக்கொண்டு, "ஸ்பார்க்" என்று சொல்லிவிடும்.